சம்பவம் நடந்த இடம் என்ற கட்டம்

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் மாப்பிள்ளையின் கைபேசிக்கு அழைத்தேன். தினமும் அதை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். நான் அழைத்து, ஒலிக்கும் இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன். முந்தாநாள் கடலில் கொள்ளைக்காரர்கள் வலையோடு அதையும் பறித்துப் போனது அரைத்தூக்கத்தில் நினைவில்லை. "சொல்லுங்கக்கா" என்றது ஒரு குரல். எனக்குத் தம்பியே கிடையாதே என்று யோசித்தபடி நின்றேன். "வலையை எடுத்தவன்தான் பேசுறேன். பையில அண்ணனோட பிரஷர் மாத்திரையும் வந்துடுச்சு. எங்க அப்பாவும் போடுறாரு, ஒரு வேளைகூட விடக்கூடாதாம். வேற வாங்கிட்டீங்களா?" வாங்கிவிட்டோம் என்றேன். நன்றி வேறு சொன்னேன், அண்ணா. அது சரியா தப்பா என்று இன்னும் விளங்கவில்லை. அப்புறம்தான் கோபப்பட வேண்டியது ஞாபகம் வந்து, எங்கள் கடலுக்குள் புகுந்து கொள்ளையடிக்கலாமா என்று கேட்டேன். "உங்க கடலா? எங்க கரையிலேர்ந்தே அண்ணன் சட்டை கலர் தெரிஞ்சுதுக்கா. அடிமண்ணைச் சுரண்டுற வலையைப் போட்டு குஞ்சு மீனைக்கூட விடாம வாரிட்டிருந்தாரு. ரெண்டு மாசமா எங்க வலையில ஒண்ணும் விழல. ஜி.பி.எஸ். காட்டின இடத்தோட நம்பர் வேணுமா? எழுதிக்குங்க." நானும் பேனா தேடி எழுதிக்கொண்டேன்.

நீங்கள் எழுதி நேற்று ஆள் மூலம் கொடுத்தனுப்பிய புகார் மனு பிரமாதம். 'சம்பவம் நடந்த இடம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறீர்கள். பெண்களுக்குச் சலுகை உண்டு என்று படகை என் பெயரில் பதிவு செய்ததால் நான்தான் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இவரைக் கேட்டால், நேற்று ராத்திரி சாப்பிடும்போது "நம்ம பக்கம் ரெண்டு மைல் உள்ள" என்றார். கை கழுவும்போது "எல்லைக் கோட்டு மேலயே" என்றார். படுக்கும்போது "நீரோட்டம் இழுத்துட்டுப் போச்சுடி." ஆறு மணி நேரமா இழுத்தது என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். மீன்வளத்துறை குமாஸ்தாவோ, "கோடு எங்கேன்னு ரெண்டு நாட்டுக்கும் தகராறும்மா. நம்ம பக்கம்னே எழுதுங்க. அந்தப் பக்கம்னா உங்க படகு உரிமம் போயிடும்" என்கிறார். நம்ம பக்கம் என்று எழுதினால், கடலோரக் காவலர் சொல்கிறார், "கைபேசி அவன்கிட்டதானே இருக்கு, சுலபமா பிடிச்சிடலாம். வெளிய வர வருஷக்கணக்காகும்." அப்போது அவன் அப்பாவுக்கு யார் மாத்திரை கொடுப்பது என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். எந்தப் பக்கம் எழுதட்டும்? உடனே பதில் போடுங்கள். அண்ணிக்கு அன்பு, பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

தலை சுற்றியபடி,
தங்கை

பி.கு.: பதில் வேண்டாம் அண்ணா. அவன் சொன்ன நம்பரையே கட்டத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உரிமம் போனால் போகட்டும். உங்கள் மாப்பிள்ளை அடுத்த அறையில் கண்ணாடி முன்னால் நின்று நீரோட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது. மனுவைக் கொடுத்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். அதுவரை உங்களுக்கும் தெரியாது.