உள்ளேயிருந்து பதில் சொன்னவன்

மூன்று பேர் சேர்ந்து சிரித்தால் அது என்னைப் பற்றித்தான் என்று நினைக்கும் ஆள் நான். எண்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்வதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சிரித்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மலாக்காவை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. மிஷன் விடுதியில் வளர்ந்தவன். அங்கே என் பெயரைவிட என் எண்தான் அதிகம் புழங்கியது. மணி அடித்தால் வரிசை, வரிசை நகர்ந்தால் தட்டு. ஒரு வீடு எப்படி நடக்கும், அதற்குள் என்னென்ன வழக்கம் என்பதெல்லாம் எனக்குப் பாடத்தில் வராத பகுதி.

அலுவலகத்தில் எதிர்மேசை நடராஜா. காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற கிராமத்தில் வீடு. செட்டிகள் பல தலைமுறைகளாக அங்கேயே இருப்பவர்கள். கும்பிடுவது மாரியம்மனை; பேசுவது மலாய், நடுநடுவே இரண்டு தமிழ்ச் சொல். (அவர்கள் பேச்சைப் பெரும்பாலும் நான்தான் தமிழாக்கித் தருகிறேன். பிழை இருந்தால் என்னைத் திட்டவும்.) சனிக்கிழமைகளில் நடராஜா அலுவலகத்துச் சகாக்கள் இருவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போவார். என்னை அழைக்கமாட்டார். பதினொரு மாதத்தில் நாற்பத்தாறு சனிக்கிழமை. (எண்ணினேன். எண்ணாமல் எப்படி முறையாகக் கோபப்படுவது?) அந்த வீட்டில் ஒருவேளை சாப்பிட்டால்தான் நானும் மனிதர்களில் சேர்த்தி என்று மனத்துக்குள் சட்டமே இயற்றிவிட்டேன்.

கடைசியில் அழைப்பு வந்தது. “நாளைக்குப் போகி. வீட்டுல மாக்கான் இருக்கு, வாங்க கிராணி.” மாக்கான் என்றால் மலாயில் சாப்பாடு.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் போய் இறங்கினேன். வாசலில் வெயிலில் நடராஜா, அவர் மனைவி, அம்மா, தம்பி, தங்கை தெய்வானை, தாய்மாமன் என்று ஆறு பேர். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஆட்டுக்கறி வாசனையும் சாம்பிராணிப் புகையும் வந்தன.

நடராஜா குரலைத் தாழ்த்தினார். “நந்தி டூலு, கிராணி. கொஞ்சம் பொறுங்க. உள்ளே அவங்க சாப்பிடுறாங்க. அவங்க முடிச்சதும் நாம.”

எவங்க? கேட்பது கௌரவக் குறைவு என்று கேட்கவில்லை. ஆனால் புரிந்துவிட்டது. என்னைவிட முக்கியமானவர்களுக்கு முதல் பந்தி! அழைக்காமல் ஒதுக்குவது பழசாகிவிட்டதால், அழைத்துவந்து ஒதுக்குகிறார்கள். பதினேழு நிமிடம் பொறுத்தேன். பிறகு கை கழுவும் சாக்கில் கிணற்றடிக்குப் போய், அந்தப் பிரமுகர்கள் யாரென்று பார்க்கப் பின்கதவைத் தள்ளினேன்.

தரையில் ஏழு வாழை இலை. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, கறி, மீன், மிளகாய்ச் சம்பால், பலகாரம். ஆட்கள் பூஜ்யம்.

என் மூளை (விடுதியில் கணக்கில் முதல் மாணவன்) உடனே விடை சொன்னது. பிரமுகர் ஏழு பேரும் வரவில்லை. அந்த அவமானத்தை வெளியே சொல்ல முடியாமல் குடும்பமே வெயிலில் நின்று நாடகம் போடுகிறது. அவர்கள் மானத்தைக் காப்பாற்ற நான் ஒருவன் போதாதா? நடு இலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

மீனில் பாதி முடிந்தபோது முன்கதவு மூன்று முறை தட்டப்பட்டது. நடராஜாவின் அம்மா, கோயிலில் பேசுவதுபோல் மெல்லக் கேட்டார்: “சுடாஹ் மாக்கான்? எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்பது விடுதி கற்பித்த ஒழுக்கம். “ஆச்சும்மா! மீன்லதான் உப்பு பத்தல!”

வெளியே ஓர் அலறல். தாய்மாமன் சாலை முனைவரை ஓடினார். (நூற்று எண்பது கஜம். பிறகு ஒருநாள் நடந்து அளந்தேன்.) அம்மா மட்டும் அசையவில்லை.

“உயிரோட இருந்தப்பவும் இதே குறைதான்! போன பிறகும் நாக்கு அடங்கலையா உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார்.

கையில் மீனோடு நான்.

போகியன்று இறந்துபோன முன்னோருக்கு இலை போட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வீட்டார் வெளியே காத்திருப்பது அந்த வீட்டு வழக்கம். படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்பு மாரியம்மன் விட்ட வழி. நான் உட்கார்ந்திருந்தது அம்மாவின் காலஞ்சென்ற கணவரின் இலை.

“அலாமாக்!” என்றார் நடராஜா. அதற்குமேல் அவருக்கு எந்த மொழியும் வரவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பிவந்த மாமன் கத்தினார்: “இவனை யாரு கூப்பிட்டது? முதல்ல வெளியே அனுப்பு!”

“இத்தனை நாள் கூப்பிடாமத்தான் இருந்தேன் மாமா. தினமும் சுவரைப் பார்த்துத் தனியாச் சாப்பிடுவார். நம்மோட உட்காரப் பிடிக்காதுன்னு நினைச்சேன்” என்றார் நடராஜா.

நாற்பத்தாறு வாரக் கோபத்துக்கு இவ்வளவுதானா காரணம்? தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் தலையைக் குனிந்து படியிறங்கினேன்.

“எங்கே போறே?” என்றார் அம்மா. “எல்லாம் மறுபடி சமைக்கணும். சட்டையைக் கழட்டிட்டு வெங்காயம் உரி.”

அறுபத்து மூன்று சின்ன வெங்காயம். அழுகைக்கு நல்ல சாக்கு.

மாலை நாலு மணிக்கு மறுபடி ஏழு இலை விழுந்தது, மறுபடி கதவு சாத்தப்பட்டது. வாசலில் இந்த முறை ஏழு பேர் நின்றோம். மாமன் என் மணிக்கட்டைக் கடைசிவரை விடவில்லை. அம்மா தட்டினார், கேட்டார். உள்ளேயிருந்து பதில் இல்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றே எனக்குப் பட்டது.

மூன்று வருஷம் கழித்துத் தெய்வானையைக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால், “உள்ளே யாரு, கதவைத் திறந்து பாருங்க” என்று ஒரு குரல் வரும். உடனே எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

இப்போது இலை பதின்மூன்றாகிவிட்டது. மாமனுக்கும் ஒன்று. போன போகிக்குத் தெய்வானை இலைகளைத் துடைத்து அடுக்கும்போது, பல மாதங்களாக என்னை அரித்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

“நான் இந்த ரத்தம் இல்லையே. போன பிறகு எனக்கும் ஒரு இலை உண்டா?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உண்டு, உண்டு. அப்பவாவது கூப்பிட்ட பிறகு வாங்க.”