நவாபின் யானை யார் பாட்டன்?

பாதி தெரிந்த பாஷையைக் கடைத்தெருவில் பேசலாம். கோர்ட்டில் பேசக் கூடாது. நான் பேசினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், என் மாமாவின் நிலம் கைவிட்டுப் போக இருந்த சமயத்தில்.

மூலக்குளத்து நஞ்சை அது. எந்தக் காலத்திலோ ஒரு நவாப், தன் யானைக்கு வைத்தியம் பார்த்த மாமாவின் பாட்டனுக்கு மானியமாகக் கொடுத்தாராம். "வைத்தியம் பார்த்தது எங்க பாட்டன்" என்று பங்காளி ரத்தினம் வழக்குப் போட்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

விசாரணை அன்று மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். "வக்கீல்களைத் தவிர இங்கே யாருக்குப் பிரெஞ்சு தெரியும்?" என்றார் வெள்ளைக்கார நீதிபதி. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை நம்பி நான் எழுந்தேன். (பக்கத்தில் இருந்தவர்களாவது வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கலாம்.)

"எதற்காகக் கொடுத்த மானியம்?" என்று கேட்டார் நீதிபதி.

மாமா நிமிர்ந்து நின்றார். "எங்க பாட்டன் நவாப்பு யானைக்கு வைத்தியம் பார்த்தாருன்னு சொல்லுடா."

யானைக்குப் பிரெஞ்சில் சொல் தெரியும். வைத்தியம் பார்ப்பதற்குத்தான் தெரியவில்லை. கைக்கு வந்த வினைச்சொல்லைப் போட்டு ஒப்பேற்றினேன். 'இவர் பாட்டன் நவாபின் யானையாக இருந்தார்' என்று ஆகிவிட்டது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு காலம்?"

"எம்மாங் காலம்னு கேக்குறாரு, மாமா."

"சாவற வரைக்கும்!"

இதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் குழம்பிப்போய் ரத்தினத்தின் காதில், "அவரு பாட்டன்தான் யானையாம். அதுக்குத்தான் நெலமாம்" என்றார்.

ரத்தினம் துள்ளி எழுந்தார். "பொய்! யானை எங்க பாட்டன்! ஊரையே கேட்டுப் பாருங்க!"

வக்கீல் அதையும் பிரெஞ்சில் சொல்லித் தொலைத்தார். நீதிபதி சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு யானை வீட்டாரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று வழக்கைத் தள்ளிவைத்தார். அப்போதுதான் என் வினைச்சொல் எனக்கே உறைத்தது. கோர்ட் வாசலைத் தாண்டுவதற்குள் பூமி பிளக்காதா என்றிருந்தது.

"ஏன் ரத்தினம், உன் பாட்டன் யானையா?" என்றார் மாமா, வெளியே வந்ததும்.

"நீதான்ணே மொதல்ல சொன்ன!"

"நான் எப்படா சொன்னேன்?"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் ஓடினேன். கடற்கரையில் வைத்திக்குப்பம் வரை துரத்தினார்கள். ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் மூச்சிரைக்க மணலில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்! எழுந்தபோது நிலம் ஆளுக்குப் பாதி என்று முடிவாகியிருந்தது.

பிறகு ரத்தினம் தன் மகளையே எனக்குக் கட்டிக்கொடுத்தார். மகன் பிறந்தான், காது கொஞ்சம் பெரிது. தொட்டிலைச் சுற்றி நின்று, "அப்படியே எங்க பாட்டன் ஜாடை!" என்று இரண்டு வீட்டாரும் ஆரம்பித்த வழக்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.