முதற்சிரிப்பாளர் (கூடுதல் பொறுப்பு)

அரசு ஊழியர் பணி நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. சிரித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நிர்வாகத்தில் இத்தனை காலம் இருந்துவந்த இந்தப் பெருங்குறையைக் கண்டுபிடித்து நிவர்த்தி செய்த பெருமை, தாம்பரத்தில் இயங்கிவரும் பெயர்ப்பலகைப் பராமரிப்பு வாரியத்தின் இணை இயக்குநர் திரு. சுப்பராயலு அவர்களையே சாரும்.

வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு அலுவலகங்களின் வாசலில் தொங்கும் பலகைகளில் எழுத்து உதிராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வாரியத்தின் சொந்தப் பலகையில் ‘பராமரிப்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்து உதிர்ந்து வருஷக் கணக்காகிறது. திருநீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழி தவறி வந்தவர்கள் சிலர், மிச்சமிருக்கும் ‘ராமரிப்பு’வில் ராமரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுண்டு. அவர்களையும் பெஞ்சில் உட்காரவைத்து மனு வாங்கிக்கொள்வார்கள். உதிர்ந்த எழுத்தைப் பற்றிய கோப்பு பரிசீலனையில் இருக்கிறது.

சுப்பராயலு, தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஏதோ ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண அதிகாரிதான். வரும்போது ஸ்டாண்ட்-அப் காமெடியனாக வந்தார். பெரிய கம்பெனிகளில் எல்லாம் இப்போது இதுதானாம். மேலதிகாரி ஜோக் சொன்னால் கீழே உற்பத்தி பெருகுகிறதாம். மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

‘ஊழியர்களின் மன அழுத்தத்தைப் போக்கும் பொருட்டு, வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு இணையவழி நகைச்சுவை நிகழ்ச்சி நடைபெறும். அனைவரும் கேமராவைத் திறந்துவைத்து மகிழ்ச்சியடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மகிழ்ச்சியடையத் தவறுவோர் மீது விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது எதற்கு இணையவழி என்று கேட்கலாம். கூட்ட அரங்கின் சாவி, மாற்றலாகிப் போன முந்தைய இயக்குநரோடு போய்விட்டது. அதற்கும் ஒரு கோப்பு இருக்கிறது.

நம் தயாளன் அந்த வாரியத்தில் உதவியாளர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. மனைவி வினிதா சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏற்கெனவே இரண்டு தடவை தயாளனுக்கு மாற்றல் வந்து, சட்டி பானையோடு ஊர் மாறி, அவள் இரண்டு வேலையை விட்டிருக்கிறாள். மூன்றாவது மாற்றல் பட்டியல் தயாராகிறது என்று பேச்சு அடிபட்டபோது அவள் சொல்லிவிட்டாள்:

“இந்தத் தடவை நான் வரமாட்டேன். நீங்க போங்க. தினம் வீடியோ கால்ல பாத்துக்கலாம்.”

வினிதா கோபத்தில் சொன்னால் பயமில்லை. இதை அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். வினிதா இல்லாத ஊரில் அவனுக்குச் சாப்பாடும் இறங்காது, தூக்கமும் வராது.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்டாண்ட்-அப் என்று பெயரே தவிர, சுப்பராயலு சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் ஆரம்பித்தார்.

“ஒரு பெயர்ப்பலகை இன்னொரு பெயர்ப்பலகையைப் பாத்து, ‘உன் பேர் என்ன?’ன்னு கேட்டுச்சாம்.”

எல்லாரும் மீதியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். மீதி இல்லை. போன் திரையில் கட்டம் கட்டமாக இருந்த முகங்கள், துக்க வீட்டில் காபிக்குக் காத்திருப்பவர்கள் போல அசையாமல் இருந்தன. ஜீப் டிரைவர் சவுரிமுத்து மட்டும் ஒரு சத்தம் கொடுத்தான். அதிலும் வில்லங்கம். அவன் உட்கார்ந்திருந்தது சுப்பராயலுவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. ஜோக் அவன் காதுக்கு ஜன்னல் வழியாக முதலில் வந்துவிட்டது. போன் வழியாக வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ‘நகைச்சுவை அதிகாரபூர்வமாக வந்துசேரும் முன்பே சிரித்தது ஏன்?’ என்று விளக்கம் கேட்டு திங்கட்கிழமை மெமோ வந்தது.

“இன்னா சார் இது பேஜாரா கீது!” என்று சவுரிமுத்து தயாளனிடம் அழாக்குறையாகச் சொன்னான். “நான் எங்க சார் சிரிச்சேன்? இருமினேன்.”

“அப்படியே எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தான். இருமலுக்கு மருத்துவச் சான்று கேட்டார்கள்.

சிரிக்காதவர்கள் கதி இன்னும் மோசம். கண்காணிப்பாளர் சத்யபிரியா மேடம் நிகழ்ச்சி நடக்கும்போதே திரையைப் படம் பிடித்து, ‘பல் தெரிந்தவர்’, ‘பல் தெரியாதவர்’ என்று பிரித்து மேலே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மாற்றல் பட்டியலில் பல் தெரியாதவர்களுக்கே முன்னுரிமை என்று மேடமே தயாளனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உங்க வாய் மூடியே இருக்கு தயாளன். கன்னியாகுமரி கிளையில ஒரு இடம் காலியா இருக்கு. பாத்துக்கோங்க.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தயாளன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. வினிதா பின்னால் வந்து நின்றாள்.

“பல்ல மட்டும் காட்டினா போதாது. கண்ணைச் சுருக்கணும். தோள் ரெண்டு தடவை குலுங்கணும். கடைசியில மோதிர விரலால கண்ணோரத்தைத் தொடச்சுக்கணும். தண்ணி வரணும்னு இல்ல, தொடச்சாலே போதும். நம்பிடுவாங்க.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சே” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்தது நினைவு வந்தவளாக உள்ளே போனாள்.

எப்படிச் சிரிப்பது என்பது தீர்ந்தது. எப்போது சிரிப்பது என்பது பாக்கி. அதைத் தயாளனே கண்டுபிடித்தான். சுப்பராயலு ஒவ்வொரு ஜோக்கும் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்வார். கேட்கவே வேண்டியதில்லை; கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இதை எல்லாம் சேர்த்து ஊழியர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டான். கண்ணாடி கழன்றால் சிரிக்கவும். பல், கண், தோள், மோதிர விரல் என்ற வரிசை தவறக் கூடாது. நடுவில் ஒரு தடவை தொடையில் தட்டிக்கொள்ளலாம். பெண்கள் பக்கத்து நாற்காலியைத் தட்டலாம். தனக்குப் புரியவில்லையென்றால் அடுத்தவர் சிரிக்கும்போது சேர்ந்துகொள்ளவும்.

இந்தக் கடைசி யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடி கழன்றது. எல்லாரும் அடுத்தவர் சிரிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அடுத்தவரும் அடுத்தவருக்காகக் காத்திருந்தார். கண்ணாடி துடைக்கப்பட்டு, மறுபடி மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாரியம் முழுவதும் பல் தெரியாதவர் பட்டியலில் விழுந்தது.

நிர்வாகம் இதைச் சும்மா விடவில்லை. எல்லாருக்கும் முன்னால் சிரிக்க ஒருவர் பொறுப்பாக இல்லாததே குறைபாடு என்று கண்டறிந்து, ‘திரு. தயாளன் அவர்கள் தமது பணிகளுடன் முதற்சிரிப்பாளர் பணியையும் கூடுதலாகக் கவனிப்பார்; இதற்கெனத் தனி ஊதியம் ஏதுமில்லை’ என்று மேடம் ஆணை தயாரித்துவிட்டார். சுப்பராயலு மற்ற காகிதங்களோடு சேர்த்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். தயாளன் விடுப்பு எடுத்தால் யார் முதலில் சிரிப்பது என்பதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கண்ணாடி கழலும், தயாளன் சிரிப்பான், வாரியமே சிரிக்கும். ஜன்னலுக்கு வெளியே ராமரைத் தேடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். மாற்றல் பட்டியலில் தயாளன் பெயர் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை சுப்பராயலுவின் முகம் வாடியிருந்தது. ஜோக் எதுவும் சொல்லவில்லை.

“என் வீட்டுல நேத்து ரெக்கார்டிங் பாத்தாங்க” என்றார். “‘உங்க ஆளுங்க சிரிக்கல, நடிக்கறாங்க’ன்னு சொல்றாங்க. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. உண்மையைச் சொல்லுங்க. நான் நல்லா பண்றேனா இல்லையா? இல்லைன்னா இன்னியோட நிறுத்திடறேன்.”

கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்.

தயாளனை என்னவென்று சொல்வது! கடமை உணர்ச்சி மூளைக்கு முன்னால் ஓடிவிட்டது. பல், கண், தோள், மோதிர விரல். அவன் பின்னால் மொத்த வாரியமும் வெடித்துச் சிரித்தது. சத்யபிரியா மேடம் பக்கத்து நாற்காலியை நாலு தடவை தட்டினார்.

சுப்பராயலு கண்ணாடி இல்லாத வெறுங்கண்ணோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எழுந்து நிற்கவைத்த பையன் மாதிரி இருந்தது அவர் முகம். தயாளனுக்கு ஐயோ என்றிருந்தது. கன்னியாகுமரி ஞாபகம் வந்தது. வினிதாவின் ஞாபகமும் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மைக்கைத் திறந்தான்.

“சார், மன்னிச்சுக்கோங்க. உங்க வீட்டுல சொன்னது உண்மைதான். நீங்க கண்ணாடியைக் கழட்டினா நாங்க சிரிப்போம் சார். அவ்வளவுதான். ஜோக்கு ஒண்ணுகூட எனக்குப் புரிஞ்சதில்ல. முதல்ல சிரிக்கறதுக்கு என்னை ஆர்டர் போட்டு வெச்சிருக்காங்க. நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க.”

சவுரிமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

சுப்பராயலுவின் வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு நாற்காலி. மேஜையில் குப்புறக் கவிழ்ந்து சிரித்தார். “நானே... நானே கையெழுத்து...!” என்று மூச்சுத் திணறினார். அதைப் பார்த்து மேடம் சிரித்தார், சவுரிமுத்து சிரித்தான், இந்தத் தடவை வரிசை எதுவும் இல்லை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் நிஜச் சிரிப்பு அது.

“இதுதான்யா டைமிங்! நிஜத்தைச் சொல்ற மாதிரியே சொன்னே பாரு!” என்றார் சுப்பராயலு. “இனிமே வெள்ளிக்கிழமை உன்னோடது. உன்னையெல்லாம் வெளியூருக்கு விடுவேனா?”

நிர்வாக நலன் கருதி தயாளன் தாம்பரத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டான். வினிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயசம் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சவுரிமுத்து வந்து தலையைச் சொறிந்தான்.

“சார், நீ மூக்குக்கண்ணாடியே போட்றதில்லையே. எப்போ சிரிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிடு சார். திரும்ப மெமோ வாங்க நம்மாள முடியாது.”

தயாளனுக்குச் சிரிப்பு வந்தது. “மீசையைத் தடவுவேன். அப்போ சிரிங்க.”

மீசையைத் தடவினான். வாரியமே சிரித்தது. அடுத்த வாரமும் தடவினான். இன்னும் பலமாகச் சிரித்தது. அதற்கடுத்த வாரம், கை மீசைக்குப் போவதற்கு முன்பே சிலர் சிரித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கு ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும்போது நெடுநேரம் யோசித்தான். முந்தியெல்லாம் சிரித்தது வேறு விஷயம், அது சுப்பராயலுவுக்காக. இது அப்படியா? மேடம் நாற்காலியைத் தட்டிய தட்டில் ஒரு உண்மை இருந்ததே! சவுரிமுத்து மட்டும்தான் ஏனோதானோ என்று பல்லைக் காட்டினான். ரசனை இல்லாத பயல். திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லி ஒரு மெமோ கொடுக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “வினிதா, இதைக் கேளு” என்றான். “ஒரு ஆணி இன்னொரு ஆணியப் பாத்து, ‘உனக்குத் தலைவலியா?’ன்னு கேட்டுச்சாம்.”

மீசையைத் தடவினான்.

வினிதா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். பல் தெரிந்தது. கண்கள் சுருங்கின. தோள் இரண்டு தடவை குலுங்கியது. தாளின் மேல் லேசாகத் தட்டினாள். பிறகு மோதிர விரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தயாளனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

“ஆபீஸ்ல சிரிக்கறவங்க வேணா பயத்துல சிரிக்கலாம்” என்றான். “உனக்கென்ன பயம்? அப்ப நான் நல்லாத்தானே பண்றேன்?”

“நல்லாவே பண்றீங்க” என்றாள் வினிதா. அடுப்பில் பால் வைத்திருந்தது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.