கேப்டனுக்குப் பதினாறாம் நாள்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மூட்டுவலி, சளி, இருமல் எல்லாம் எப்படி இருக்கு? வண்டன்மேட்டுப் பக்கம் மழை விட்டபாடில்லை. உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றால் கதவைச் சாத்திவிட்டு, சூடாக ஒரு கட்டன் டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஈஸ்வரன் பட்ட பாட்டைக் கேட்டால் குளிர் தெரியாது.

ஈஸ்வரன் வாயில் பாதிப் போண்டா இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"படம் எப்படி மாப்ள?"

கேட்டவர் பொன்ராஜ். ஏலக்காய் ஸ்டோரில் மேஸ்திரி. வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகள் ஆனந்திக்கும் ஜீப் ஓட்டுகிற ஈஸ்வரனுக்கும் பரிசம். அதைப் பேசி முடிக்கத்தான் ஈஸ்வரன் வந்திருந்தான்.

அந்த வீட்டில் படம் என்றால் ஒரே படம்தான், 'விண்வெளி வேங்கை'. தமிழில் பேசவைத்து வருகிற வெளிநாட்டுப் படம். நாலு பாகம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஐந்தாம் பாகம் போன ஞாயிற்றுக்கிழமை கீழே கம்பத்துத் தியேட்டரில் வந்தது. அதில் வருகிற கேப்டன் ஜார்வோவின் உடுப்பு, மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் உடம்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் மாதிரியே இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பாகத்திலேயே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் மொத்தமும் அவரைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டது. ரசிகர் மன்றத் தலைவர் பொன்ராஜ்தான். மன்றத்துக்கு ஒரே சட்டம். பெரிய திரையில் பார்க்க வேண்டும். போனில் பார்ப்பவனும், போனில் கதை படிப்பவனும் துரோகி.

மன்றத்தை ஜீப்பில் ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறக்குவது ஈஸ்வரன் வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு, முதல் ஆளாக வெளியே வந்து ஹார்ன் அடித்துக் கூப்பிடுகிறான் என்று மன்றம் நம்பியது. உண்மையில் அவன் ஒரு பாகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எல்லாரும் உள்ளே போனதும் முன்சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவான். ஆனந்திக்கு மட்டும் இது தெரியும்.

"எங்கப்பாட்ட மட்டும் இதைச் சொல்லிராதீக. படம் பாக்காதவன் வீட்டுல அவரு கை நனைக்க மாட்டாரு. பொண்ணையா குடுப்பாரு?" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

ஈஸ்வரன் போண்டாவை விழுங்கினான். "பிரமாதம் மாமா."

பொன்ராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எது பிரமாதம்? செத்த மனுசன் முதல் சீன்லயே கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரே, அதுவா?"

ஈஸ்வரனுக்கு அப்போதுதான் நாலாம் பாகத்து நினைவு வந்தது. அதில் கேப்டனின் கப்பல் கருங்குழிக்குள் விழுந்து, திரை இருட்டாகிவிட்டதாம். மன்றம் அழுதுகொண்டே வந்து ஜீப்பில் ஏறியது. மறுநாளே பொன்ராஜ் மொட்டை போட்டு, மீசையை எடுத்து, எள்ளும் தண்ணீரும் விட்டார். பதினாறாம் நாள் லயத்துக்கே சோறு போட்டார். முடி ஒழுங்காக முளைத்துவிட்டது. மீசைதான் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக முளைத்து, இன்றுவரை அப்படியே நிற்கிறது.

"இங்க பாருங்க மாப்ள. கேப்டன் உசுரோட இருக்காருன்னா, உசுரோட இருக்குற மனுசனுக்குக் காரியம் பண்ணுன வீடு இது. தோசம். இந்த வீட்டுல பரிசம் போட முடியுமா?"

"நான் அன்னைக்கே சொன்னேன், சினிமாக்காரனுக்கு எதுக்குய்யா எள்ளுன்னு" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி மூக்கம்மாள். அவள் சொன்னதை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

பரிசம் கைநழுவுவது ஈஸ்வரனுக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சட்டென்று சமாளித்தான்.

"பிரமாதமான ஏமாத்துன்னு சொல்ல வந்தேன் மாமா. போண்டா அடைச்சுக்கிருச்சு. செத்தவரு செத்தவருதான்."

பொன்ராஜின் மீசை இரண்டு பக்கமும் ஒருசேரத் துடித்தது. "அப்படிச் சொல்லுங்க. மூக்கம்மா, மாப்ளைக்கு இன்னொரு போண்டா வை."

அந்தப் போண்டாவைத் தட்டில் வாங்கும்போதுதான் வாசலில் செருமல் சத்தம் கேட்டது. மூக்கம்மாளின் தம்பி ராக்கப்பன், பரிசத்துக்கு வாங்கிய தேங்காய்ச் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார். ஆனந்திக்குத் தாய்மாமன். அவர் மாலை எடுத்துப் போடாமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. மன்றத்துக்கு அவர்தான் துணைத்தலைவர்.

"யாரு செத்தவரு?" என்றார் ராக்கப்பன். "கேப்டன் பொழைச்சு வரணும்னு மாரியாத்தாவுக்குச் சேவல் நேர்ந்துக்கிட்டவன் நான். அவ அனுப்பி வச்சிருக்கா. சேவலை அறுத்து, கொழம்பு வச்சு, நீங்களும் ரெண்டு தடவை வாங்கித் தின்னீக மச்சான். வந்தது கேப்டன் இல்லைன்னா அந்தச் சேவல் எந்தக் கணக்குல போச்சு?"

"சேவல் நல்லா இருந்துச்சு. அதுக்காகச் செத்தவரு எந்திரிச்சிருவாரா?"

"அப்ப மாலையையும் நீங்களே போட்டுக்கங்க" என்று தேங்காய்ச் சாக்கைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு ராக்கப்பன் நடந்துவிட்டார்.

ஈஸ்வரன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். தேங்காயையும் ஆளையும் வண்டியில் ஏற்றி, அவர் வீடு போய்ச் சேருவதற்குள் நாலு தடவை "கேப்டன் உசுரோடதான் இருக்காரு சித்தப்பா" என்று சத்தியம் செய்தான். ராக்கப்பன் குளிர்ந்துவிட்டார். குளிர்ந்ததோடு விட்டாரா? போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டு, "உங்க மருமகனே சொல்லிட்டான், கேப்டன் உசுரோட இருக்காராம். இப்ப என்னங்கறீக?" என்றார்.

மறுமுனையில் பொன்ராஜ், "அப்ப தோசம்தான். பரிசத்தை நிப்பாட்டுங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஸ்டோருக்குப் போகிற வழியில் ஆனந்தி ஜீப்பை மறித்தாள்.

"ஒருத்தருக்குச் செத்தாருங்கறீக, ஒருத்தருக்கு இருக்காருங்கறீக. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பதில் சொல்ல உங்களுக்குத் துப்பு இல்லையா? எனக்குச் சேலை எடுத்தாச்சு. சொல்லிப்புட்டேன்."

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில். ஈஸ்வரன் அதையே யோசித்துக்கொண்டு மூன்று வளைவு ஓட்டினான். நாலாவது வளைவில் பதில் கிடைத்தது. வண்டியைத் திருப்பி நேராக ஸ்டோருக்குப் போனான்.

"மாமா, நாலாம் பாகத்துல செத்தது கேப்டன்தான். அஞ்சாம் பாகத்துல வர்றது அவரோட ரெட்டைத் தம்பி."

பொன்ராஜ் அப்படியே ஏலக்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள்.

"நான் நெனைச்சேன்" என்றாள் ஒருத்தி. "ரெண்டாம் பாகத்துல கேப்டன் கண்ணாடி முன்னாடி நிப்பாருல்ல. அது கண்ணாடியே இல்லை. தம்பி."

"ஆமா, அதுல சிரிப்பு கூட வேற மாதிரி இருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி.

"மூணாம் பாகத்துல அம்மாவுக்கு லெட்டர் எழுதுறப்ப 'நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம்'னு எழுதுவாரு. எனக்கு அப்பமே ஒரு சந்தேகம்" என்றார் பொன்ராஜ். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. காரியம் சரியான ஆளுக்குத்தான் நடந்திருக்கிறது. தோஷம் இல்லை. பரிசம் உண்டு.

ஈஸ்வரன் விசில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அந்த விசில் ராக்கப்பன் வீட்டு வாசல் வரைக்கும்தான் நீடித்தது.

ராக்கப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். செய்தி ஈஸ்வரனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"போயிட்டாராப்பா. நெசமாவே போயிட்டாராம். அந்தப் பய தம்பியாம். தம்பிக்கா நான் சேவல் அறுத்தேன்?"

"சித்தப்பா, எந்திரிங்க. வெள்ளிக்கெழமை பரிசம்."

"எனக்குத் துக்கம்ப்பா. மச்சான் அன்னைக்கே பண்ணிட்டாரு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. பதினாறு கழியாம நான் மாலையைத் தொடக்கூடாது."

அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். ராக்கப்பனைக் கட்டிக்கொண்டு அழ மன்றத்தில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். மீதிப்பேர், இது பழைய துக்கம், இதற்குப் போய் அழக்கூடாது என்று வரவில்லை. அன்று சாயங்காலமே ஜீப்பில் புதுத்துக்கக்காரர்கள் பழைய துக்கக்காரர்கள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றுவிட்டார்கள். ஒரே ஏலத்தோட்டத்துக்கு ஈஸ்வரன் இரண்டு நடை அடிக்கவேண்டி வந்தது.

இரண்டாவது நடையில் அவன் ராக்கப்பன் வீட்டில் இறங்கி, அவர் காதில் குனிந்து சொன்னான்.

"சித்தப்பா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். செத்தது தம்பி. இப்ப இருக்குறது கேப்டன்."

ராக்கப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். குளித்தார். அன்று ராத்திரியே அவர் வீட்டில் கோழி அடித்தார்கள். அந்த வாசனை பொன்ராஜ் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

பொன்ராஜே வந்துவிட்டார். கையில் டார்ச், தலையில் பிளாஸ்டிக் தாள்.

"மாப்ள, செத்தது தம்பின்னா, நான் யாருக்குய்யா எள்ளு விட்டேன்? பேரைச் சொல்லித்தானே விட்டேன். உசுரோட இருக்குறவரு பேருக்குக் காரியம் நடந்திருச்சு. செத்தவன் காரியம் இல்லாம அந்தக் குழிக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கான். இது ரெட்டைத் தோசம்."

"அதுக்குப் பரிகாரம் இல்லையா மாமா?"

"தம்பிக்கு முறையா ஒரு தடவை பண்ணிரணும். தம்பி பேரு என்ன?"

ஈஸ்வரன் வாயில் வந்ததைச் சொன்னான். "மார்வோ."

"ஜார்வோ, மார்வோ" என்று பொன்ராஜ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பொருத்தமாத்தான் வச்சிருக்காக." பிறகு மீசையைத் தடவினார். "திரும்ப மொட்டை. திரும்ப மீசை. திரும்பப் பதினாறு. பரிசத்தை ஆடி கழிச்சுப் பாக்கலாம் மாப்ள."

அடுத்த நாள் காலையில் ஆனந்தி ஜீப்பைப் பார்த்ததும் திரும்பி மேட்டு வழியாக நடந்துவிட்டாள். அதுதான் ஈஸ்வரனைச் சுட்டது. இனிமேல் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு செய்தான். மன்றத்தைக் கூட்டி, "நான் சொன்னா நம்பாதீக, நீங்க சொன்னா அவுக நம்ப மாட்டாக. பொது மனுசனா ஒருத்தரைக் கூட்டிட்டு வாரேன். அவரு சொல்றதுதான் தீர்ப்பு. சம்மதமா?" என்றான்.

"அந்தாளு எல்லாப் பாகமும் பாத்திருக்கணும்" என்றார் பொன்ராஜ்.

"ஒவ்வொண்ணையும் ஐம்பது தடவை பாத்தவரு மாமா."

அப்படித்தான் வியாழக்கிழமை மதியம், கம்பத்துத் தியேட்டரில் படம் ஓட்டுகிற பெரியமுத்து ஜீப்பில் ஏறி மெட்டுக்கு வந்தார். மலைப்பாதை அவருக்குப் பழக்கமில்லை. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். இடையில் கிடைத்த நேரத்தில் ஈஸ்வரன் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"அண்ணே, என்ன கேட்டாலும் 'ஆறாம் பாகத்துல தெரியும்'னு மட்டும் சொல்லிருங்க. அது வர ரெண்டு வருசம் ஆகும். அதுக்குள்ள எனக்குப் புள்ளையே பொறந்திரும்."

பெரியமுத்து தலையை ஆட்டினார். ஆட்டியது சம்மதத்துக்கா வளைவுக்கா என்று ஈஸ்வரன் கவனிக்கவில்லை.

ஸ்டோர் களத்தில் மன்றம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு நாற்காலி. மூக்கம்மாள் பெரியமுத்துவுக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தாள். ஆனந்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். பரிசச் சேலையைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு அவளும் அங்கேதான் பதில் கேட்க வந்திருந்தாள்.

பொன்ராஜ் எழுந்து கும்பிட்டார். "அய்யா, ஒரே கேள்விதான். நாலாம் பாகத்துல அந்தக் குழிக்குள்ள விழுந்தாரே, கேப்டன் செத்தாரா, இல்லையா?"

ஈஸ்வரன் பின்னாலிருந்து கையால் ஆறு, ஆறு என்று காட்டினான்.

பெரியமுத்து அவனைப் பார்த்தார். களத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். இவர்களை எங்கே பார்த்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அடடா, நீங்கதானா அது? கேப்டன் எங்கய்யா செத்தாரு, திரை இருண்டு வெளிச்சம் வந்த பெறகு அரை மணி நேரம் படம் ஓடுதுல்ல. அவரு ஏறி வந்து தங்கச்சி கல்யாணத்தையே நடத்தி வைக்கிறாரு. இந்தத் தம்பிதான் வண்டிக்குள்ள தூங்கி எந்திரிச்சு, பனி எறங்குதுன்னு ஆரனை அடிச்சு அடிச்சு, ஒரு பாகத்துக்குக்கூட உங்களை முடிவு பாக்க விட்டதில்லையே."

உங்கள் ஊரில் கடைசி வண்டிக்குப் பயந்து பாதியில் எழுந்து வந்த கதை ஏதாவது இருந்தால் எழுதிப் போடுங்கள், முடிவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.