உள்ளே ஒருத்தர் அதிகம்

நான் எழுத்தாளர் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டொக் பாயைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் கிறுக்கர். மீதிப் பேருக்கு அவர் பேயோடு பழகியவர்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். சேர்வராயன் மலையில் இரும்போடு பேசியவர்கள் பல பேர் இருக்கலாம். இரும்பிடமிருந்து பதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அவர் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. சேலத்திலிருந்து வந்த குடும்பம். ஒண்டிக்கடை என்கிற முக்கில் அண்ணன் குடையும் பிளாஸ்டிக் குடமும் விற்றார். கடைக்குப் பின்னால் தம்பியான இவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர். எதைப் பார்த்தாலும் அதால் ஒரு தட்டு. டொக். உடனே தலையைச் சாய்த்துக் கேட்பார். டீ வந்தால் முதலில் கிளாஸைத் தட்டுவார், பிறகுதான் குடிப்பார். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பீரோவைத் தட்டிவிட்டு, "இவரு உள்ளார காலிங்க" என்று சொன்னதால் அந்தச் சம்பந்தமே நின்றுபோனதாகக் கேள்வி.

ஒரு நாள் மாரமங்கலம் பஸ்ஸின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தவர் டிரைவரிடம் போனார். "ஏனுங்க, இவருக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லீங்க. நான் அடுத்தவர்ல வர்றனுங்க."

"பஸ்ஸுக்கு நாடி புடிக்க நீ என்ன டாக்டரா பாய்?" என்றார் டிரைவர்.

பஸ் ஏதோ ஒரு காபி எஸ்டேட் வளைவில், பனிமூட்டத்துக்குள், சக்கரம் கழன்று நின்றது. அதற்கப்புறம் ஜனங்கள் பாய் முகத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறினார்கள். ஒரு முறை அவர் பீடி வாங்க இறங்கினார். பின்னாலேயே முழு பஸ்ஸும் இறங்கிவிட்டது.

இரும்பு, மரம், எதுவானாலும் அவருக்கு 'அவர்'தான். மரியாதை குறையாது. இந்த மரியாதைதான் பின்னால் எங்களை எல்லாம் பயமுறுத்தியது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். அங்கே பழைய காபி குடோன் ஒன்றுக்குள் ஒரு விளையாட்டு ரயில். போர்டில் ரோலர் கோஸ்டர் என்று எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது இருட்டு வண்டி. நாலு சீட் வண்டி சங்கிலியில் தகரக் கூரை வரை ஏறி, கும்மிருட்டில் வளைந்து வளைந்து இறங்கி, வேறொரு கதவு வழியாக வெளியே வரும். ஜன்னல் சந்துகளில் நுழைந்த பனியில் எல்லாம் துருப்பிடித்து இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. கோடை விழாவுக்குள் அதைப் புதுப்பித்து ஓட்டியே தீருவேன் என்று முதலாளி கிளம்பினார். முதல் முதலில் அதைப் பொருத்திக் கட்டியவர் பாய்தான். அதனால் அவரையே கூப்பிட்டார்.

உள்ளே சுவருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதற்காக, அங்கே பயமுறுத்த மாட்டியிருந்த பதினொரு சுண்ணாம்பு எலும்புக்கூடுகளை வெளியே எடுத்தார்கள். நனையாமல் வைக்க இடமில்லை என்று என் கவுண்டர் கூரைக்குக் கீழே வரிசையாக நிறுத்திவிட்டார்கள். டிக்கெட்டுக்கு நிற்பது போலவே இருக்கும். பனி இறங்கினால் முதல் மூன்று பேர்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். மற்றவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். பாய் காலையில் வந்ததும் முதல் ஆளின் மண்டையில் ஒரு தட்டு தட்டுவார்.

"இவுங்களுக்கு எல்லாம் சீட்டு குடுத்தாச்சா கண்ணு?"

நான் சிரிப்பேன். அந்த வேலையில் நான் சிரித்தது அவரிடம் மட்டும்தான்.

தண்டவாளத்தைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடி பூட்டினார். ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேருகிற இடத்தில் சக்கரம் ஏறும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பாய்க்கு அந்த இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு ஆள். வண்டியை உள்ளே அனுப்பிவிட்டு, வெளிக்கதவில் கண்ணை மூடி நின்று, ஒவ்வொரு டொக்குக்கும் கட்டைவிரலை ஒரு விரல் கணுவில் வைத்து எண்ணுவார். இடது கை முடிந்தால் வலது கை. வலது மோதிர விரலின் நுனியை எப்போதோ ஒரு பட்டறையில் இழந்தவர். மழுங்கிய அந்த விரலைத் தடவிக்கொண்டே எண்ணுவார்.

"எத்தனை பேரு பாய்?" என்று ஒரு முறை கேட்டேன்.

"நம்பரெல்லாம் எனக்கு வராது கண்ணு. ரெண்டு கையும் நெறைஞ்சுதுன்னா அத்தனை பேரும் நல்லா இருக்காங்க. அவ்வளவுதான்."

வண்டியை ஆளில்லாமல் பல தடவை அனுப்பினார். இரண்டு கையும் நிறைந்தது. பிறகு ஒரு பிற்பகல் தானே ஏறி உட்கார்ந்து போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இறங்கி முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார்.

"உள்ளார ஒருத்தர் அதிகமா இருக்காருங்க."

பெயிண்டர் இருவரும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். அவர்கள் சாப்பாட்டுத் தூக்கை வாங்கக்கூடத் திரும்பி வரவில்லை. மறுநாள் முதலாளி ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாயிடம் விசாரித்தார்.

"வந்திருக்கறது ஆம்பளையா, பொம்பளையா?"

"இரும்புங்க."

பூசாரி ஓரடி பின்னால் நகர்ந்தார். "எப்ப வருவாரு?"

"சும்மா அனுப்புனா வர்றதில்லீங்க. மனுசன் ஏறுனா வர்றாரு."

"எங்கே இருக்காரு?"

"மேல, ரெண்டாவது வளைவுல மாதிரி தெரியுதுங்க. வெளக்க எடுத்துட்டு மூணு வாட்டி போயிப் பாத்தனுங்க. வெளக்கு வெளிச்சத்துல எல்லாரும் சரியா இருக்காங்க. இருட்டுல வண்டி போனாத்தான் ஒருத்தர் கூடறாரு."

பூசாரி எலுமிச்சம்பழங்களை முதலாளி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டச்சேட்டில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் கவுண்டரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எலும்புக்கூடுகளை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அவை நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, பதினொரு ஜோடி கால் தடம். குடோன் பூட்டியிருந்தது. வண்டி வெளியே நின்றது. உள்ளே ஆள் இல்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் கேட்டது.

டொக்.

சாவி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பாய் அதை எடுத்துக் கொடுத்தார்.

"பயப்படாத சாமி. குளுருக்கு மொனகறாரு, பாவம். அவருக்கு நொம்ப வலிக்குது போல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, பாய் பேயைச் சொல்லவில்லை. மறுநாள் முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அய்யா, பாய் ஆள்னு சொல்றது இணைப்பைங்க. ஒரு டொக் அதிகமா கேக்குதாம். எங்கேயோ தண்டவாளம் விரிஞ்சிருக்கலாம்னு அவருக்குச் சந்தேகம்."

முதலாளி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவுதானா? வயசான காது. நீயே எண்ணிப் பாரும்மா. நாளன்னைக்கு கொட்டச்சேடு பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான் முதல் சவாரி. வாக்குக் குடுத்தாச்சு."

அந்தப் பிள்ளைகளில் என் அக்கா மகள் செல்வியும் ஒருத்தி. ஒரு வாரமாக அவள் தூங்கவில்லை.

இரண்டு மணல் மூட்டையை ஏற்றி வண்டியை அனுப்பினார்கள். வெளிக்கதவில் ஒரு பக்கம் பாய், மறு பக்கம் நான். சங்கிலி கடகடவென்று மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் குடோனே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருக்கும். பிறகு முதல் டொக். நானும் கண்ணை மூடிக்கொண்டு பாய் எண்ணுவது போலவே எண்ணினேன். கட்டைவிரல் கணு கணுவாக நகர்ந்தது. இடது கை முடிந்தது. வலது கையின் கடைசிக் கணுவில் விரலை வைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வண்டி வெளியே வந்தது.

"சரியா இருக்குங்க" என்றேன். "ரெண்டு கையும் நெறைஞ்சிருச்சு."

 பாய் தன் காதைச் சுண்டுவிரலால் குடைந்தார். "எனக்கு ஒருத்தர் மிச்சம் வந்தாருங்க" என்றார் முதலாளியிடம். பிறகு என்னைப் பார்த்தார். "சின்ன வயசுக் காது. கண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் வாதாடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் பேச்சை அதற்கு முன்பு யாரும் அப்படி நம்பியதில்லை.

சவாரி அன்று காலை பத்து மணிக்கே பனி இறங்கிவிட்டது. பிள்ளைகள் என் கவுண்டரிலிருந்து வரிசையாக நின்றார்கள். முதல் மூன்று பேர்தான் தெரிந்தார்கள். கவுண்டருக்கு எதிரிலேயே நின்ற வண்டியில் நாலு பிள்ளைகள் ஏறினார்கள். முன் சீட்டில் செல்வி. முதலாளி தேங்காய் உடைத்தார். பிறகு, "பாய், நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்கங்க" என்றார்.

பாய் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே ஏந்தினார்.

நான் அந்தக் கைகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில், விரித்து, அன்றுதான் பார்த்தேன். கட்டைவிரல் போக மற்ற விரலுக்கெல்லாம் மூன்று கணு, அவர் வலது மோதிர விரலுக்கு மட்டும் இரண்டுதான். என் கை இரண்டும் நிறைந்தால் இருபத்து நாலு. அவர் கை இரண்டும் நிறைந்தால் இருபத்து மூன்று.

அவருக்கு மிச்சம் வந்தவரை நான் என் முழு விரலில் உட்கார வைத்துவிட்டேன்.

முதலாளியின் கை சுவிட்சுக்குப் போனது.  கவுண்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்தது ஒரே வாக்கியம்தான்.

"எனக்கு ஒரு கணு அதிகங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்னம்மா அதிகம்?" என்றார் முதலாளி. "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் கையை விரித்து பாயிடம் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். ஏந்திய தன் கையைப் பார்த்தார். உதடு அசைய ஒரு முறை எண்ணினார். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"ஏனுங்க சாமிகளா, கொஞ்சம் எறங்கிக்கங்க" என்று பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார். செல்வி அழுதாள். "சித்தி, நீ எனக்குச் சித்தியே இல்ல" என்றாள்.

"பாய், இது என்ன விளையாட்டு?" என்று முதலாளி குரலை உயர்த்தினார்.

"ஒரே ஒரு வாட்டிங்க மொதலாளி. புள்ளைங்க எடைக்கு மூட்டை வெச்சு அனுப்புங்க. அவரு சரியா வந்துட்டாருன்னா பொறகு நான் இந்தப் பக்கமே வர்றதில்லீங்க."

நாலு சீட்டிலும் மணல் மூட்டைகளை வைத்துக் கம்பியைப் போட்டார்கள். இறங்கும்போது கம்பியில் சிக்கிய செல்வியின் ரிப்பன் முன் சீட்டு மூட்டையின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. வண்டி உள்ளே போனது. கதவு மூடியது. சங்கிலி ஏறியது. நானும் பாயும் சேர்ந்தே எண்ணினோம். இடது கையில் தொடங்கினோம். நாலு கணு. ஐந்து. பிறகு ஒரு டொக் வந்தது. அது டொக் போலவே இல்லை.

அதன் பிறகு எதுவும் வரவில்லை.

வெளிக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.  முதலாளிதான் முதலில் விளக்கை எடுத்தார்.

இரண்டாவது வளைவில், புதுக் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில், தண்டவாளம் குறுக்கே வாய் பிளந்திருந்தது. வண்டி சுவரோரம் ஒரு சக்கரத்தில் சாய்ந்து தொங்கியது. முன் சீட்டு மூட்டை கிழிந்து, மணல் அந்த உயரத்திலிருந்து மெல்லிசாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. கீழே சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டின் தலையில் அது விழுந்துகொண்டிருந்தது. முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் ஏணி வைத்து ஏறி, உடைந்த இடத்தை ஸ்பேனரால் தட்டவில்லை. உள்ளங்கையால் தொட்டார்.

"இவருதானுங்க" என்றார். "எத்தனை நாளாச் சொல்லிட்டே இருந்தாரு."

இறங்கி வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.  அவர் ஸ்பேனரை எடுத்து என் தலையில் பட்டும் படாமலும் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இவுங்க நல்லா இருக்காங்க" என்றார்.

மறுநாள் கோடை விழா ஆரம்பித்தது. இருட்டு வண்டி ஓடவில்லை. பாய் வழக்கம்போல வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கவுண்டரைச் சாத்திவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.