அறுபதுக்கு நாற்பது கரகரப்பு

ஒரு வீட்டிலிருந்து வருவது இசையா இரைச்சலா என்று கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? காது உள்ளவர் ஒருத்தர் போதும் என்பீர்கள். அப்படியானால் நீங்கள் அபிராமபுரத்து அடுக்குமாடி எதிலும் குடியிருந்ததில்லை.

அப்படி ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்காரி தமிழ்நிலா. மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாய். ஷ்ரவண் நடத்தும் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். பேஸ் என்பது கிட்டார்களில் அடித்தொண்டைக்காரன். வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்பார்கள். வீட்டு வேலை மாதிரி.

"ஆளுங்க கவனிக்கணும்னா ஃபஸ் பெடல் வேணும்க்கா," என்றான் ஷ்ரவண். "இப்ப எல்லாரும் அதான் வச்சிருக்காங்க. சனிக்கிழமை அடையாறு ரிசப்ஷன்ல கடைசிப் பாட்டுக்கு ஃபஸ் இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

மிக்ஸிக்கு இரண்டு ஜார் போதும் என்று ஊருக்கே உபதேசம் செய்கிற தமிழ்நிலா அன்றைக்கே பெடலை வாங்கிவிட்டாள். காலால் மிதித்தால் கிட்டார் கரகரக்கும். வெறும் கரகரப்பை மட்டும் வைத்தால் அடிநாதம் காணாமல் போய், தகர டப்பாவில் வண்டு மாட்டின கதையாகிவிடுமாம். அதனால் சுத்தமான சத்தத்தையும் கரகரப்பையும் வேண்டிய அளவில் கலக்க ஒரு திருகு. புளித்த மாவில் புது மாவைக் கலப்பதுதானே, இதில் என்ன வித்தை? திருகை நடுவில் வைத்து மிதித்தாள். பக்கத்தில் மகள் யாழினி தோசைத் திருப்பியால் ஸ்பீக்கர் பெட்டியைக் குத்தித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டி கரகரவென்று உறுமியது. ஆகா, கொடுத்த காசு பேசுகிறது!

மறுநாள் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் வந்தார். எட்டு மாதமாக லிஃப்ட் ஓடாததால் மூச்சு வாங்கியது. கையில் கோப்பு. ஏதோ ஓர் இயக்குநரகத்தில் முப்பத்தைந்து வருஷம் குறிப்பெழுதி ஓய்வு பெற்றவர். கூடவே நாலாவது மாடிப் பாட்டு டீச்சர் ஜெயலக்ஷ்மி. இருவரும் சேர்ந்தால் 'ஒலித்தன்மை ஆய்வுத் துணைக்குழு'.

"விதி பதினொண்ணுபடி இசை, சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஆறு. விதி பன்னெண்டுபடி இரைச்சல், அதாவது சுவத்துல துளை போடறது, டைல்ஸ் வெட்டறது, காலம்பற பத்துலேர்ந்து பன்னெண்டு. உங்காத்துலேர்ந்து வர்றது எதுல சேரும்?"

"ரெண்டும் கலந்தது சார்."

"கலந்ததுக்கு விதி இல்லையேம்மா."

"அப்ப வாசிக்கலாமா?"

"விதி இல்லாததைத் தடுக்கவும் முடியாது, அனுமதிக்கவும் முடியாது. எத்தனை சதவீதம் இசை?"

சனிக்கிழமைக்கு நாலே நாள். பயிற்சி இல்லாவிட்டால் குழுவில் இடம் போச்சு. வாயில் வந்ததைச் சொன்னாள். "அறுபது இசை, நாற்பது இரைச்சல்."

ஸ்ரீரங்கன் முகம் மலர்ந்தது. எண் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குமேல் பிரச்சினை ஏது? அங்கேயே உத்தரவு எழுதினார்: மேற்படி வாத்தியத்தின் இசைப்பகுதி மாலையில் முப்பத்தாறு நிமிடமும், இரைச்சல்பகுதி காலையில் இருபத்துநாலு நிமிடமும் தனித்தனியே வாசிக்கப்படல் வேண்டும்.

"ரெண்டையும் எப்ப சார் கலக்கறது?"

"குடியிருக்கறவா அவாவா மனசுல கலந்துப்பா. அது சங்கத்தோட பொறுப்பில்லை."

தமிழ்நிலா உத்தரவை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். காலையில் திருகைக் கரகரப்புப் பக்கம் முழுக்கத் திருப்பினாள், மாலையில் சுத்தப் பக்கம். துணைக்குழு இரண்டு வேளையும் நாற்காலி போட்டுக் கேட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரின்னா இருக்கு?" என்றார் ஜெயலக்ஷ்மி.

"காதுக்கு அப்படித்தான் இருக்கும். கோப்புல வேற வேற."

"எனக்கு நல்லா வித்தியாசம் தெரியுதே!" என்றாள் தமிழ்நிலா. அவ்வளவு விலை கொடுத்தவள் காதுக்குத் தெரியாமல் போகுமா?

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. 'அறுபதுக்கு நாற்பது. திருப்திகரம்.'

சனிக்கிழமை அடையாறு மண்டபம். மேடை ஸ்பீக்கரில் வயரைச் செருகி, பெடலை மிதித்தாள். கரகரப்பு இல்லை. குதிகாலால் மிதித்தாள். ம்ஹூம். ஷ்ரவண் பெடலைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தான்.

"அக்கா, பேட்டரி எங்க?"

"பேட்டரி வேற போடணுமா?"

"பேட்டரி இல்லேன்னா இது ஒண்ணும் பண்ணாதுக்கா. உள்ள வந்ததை அப்படியே வெளிய அனுப்பிடும்."

அவளுக்கு ஸ்ரீரங்கனின் பழைய அலுவலகம் ஞாபகம் வந்தது. அப்படியானால் இவ்வளவு நாளாக வீட்டில் உறுமியது எது? கண்முன் தோசைத் திருப்பி வந்து நின்றது. அந்தச் சதுர பேட்டரி பக்கத்துக் கடை எதிலும் கிடைக்கவில்லை. வீட்டுச் சாவியை வைத்திருக்கும் வாட்ச்மேன் மெஹபூப் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"பாஷா அண்ணே, எங்க ஸ்பீக்கர் பெட்டில துணிக்குப் பின்னால இருக்கற காகிதம் கிழிஞ்சிருக்கா பாருங்க."

"கிழிஞ்சி தொங்கிக்கினு கீதும்மா. இன்னா, தூக்கிக் கடாசிடவா?"

"ஐயோ! ஆட்டோல போட்டு அடையாறுக்குக் கொண்டாங்க!"

கடைசிப் பாட்டு. கிட்டாரிலிருந்து ஒரு வயர் மண்டப ஸ்பீக்கருக்கு, இன்னொன்று ஓட்டைப் பெட்டிக்கு, அதன் வாயருகே ஒரு மைக். இங்கே சுத்தம், அங்கே கரகரப்பு. இரண்டும் கலந்து நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன. மாப்பிள்ளை வீட்டு மாமாக்களெல்லாம் எழுந்து ஆடினார்கள். பேட்டரி இல்லாத பெடலைத் தமிழ்நிலா கடைசிவரை மிதித்துக்கொண்டே இருந்தாள். யாராவது என்ன விலை என்று கேட்டால் சொல்ல வேண்டாமா?

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் ஸ்ரீரங்கன். சான்றிதழை ரத்து செய்யத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, அவளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பேட்டரியே இல்ல சார். நீங்க சான்றிதழ் குடுத்தது பெட்டில விழுந்த ஓட்டைக்கு."

"பாஷா சொன்னான்," என்றவர், மூச்சு சீராகும்வரை நின்றார். பிறகு மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் பொதுக்குழும்மா. போன வருஷம் நான் ஆண்டறிக்கை வாசிச்சது எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுடுத்து. ஆளாளுக்குக் கேள்வி கேட்டுட்டா. இந்தத் தடவை என் மைக்கை நல்ல ஸ்பீக்கரோட அந்த ஓட்டைப் பெட்டியிலயும் சொருகித் தரணும். வரவேற்புரை சுத்தமா இருக்கட்டும். லிஃப்ட் பத்தி வர்ற இடத்துல மட்டும் முழுக்க ஓட்டைப் பெட்டிப் பக்கம் திருப்பி விட்டுடுங்கோ."