குறட்டைக்குக் கிடைத்த கைதட்டல்

மேடையில் தலைவராக உட்கார்ந்து தூங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்படித் தூங்கியே உயிர் பிழைத்தவன், எனக்குத் தெரிந்து, மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எங்கள் வாசகர் மன்றத்தின் ஆண்டு விழா. நான் தலைவர். பேச்சாளருக்கு ஒரு மைக் போதும் என்றார் செயலாளர். தலைவர் மேசையிலும் ஒன்று இருந்தால்தான் மதிப்பு என்று பிடிவாதம் பிடித்து வைக்கச் செய்தேன். (கழுத்தில் மாலை விழுந்தால் புத்தி கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும்.)

அப்போதெல்லாம் எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். எழும்போதே தலை வலிக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அலுவலகத்துக்கு மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு தினமும் நான்தான் கார் ஓட்டுவேன். சிவப்பு விளக்கில் நின்றால் கண் செருகும். கடும் உழைப்பாளி, அதனால் அசதி என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

"குறட்டை விடுறப்ப மூச்சு நின்னு நின்னு வருதுங்க, டாக்டரைப் பாருங்க" என்று என் மனைவி சரோஜா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றவன் எப்படிக் காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிடுவான் என்று நான் வாதாடினேன்.

அன்று சிறப்புப் பேச்சாளர் ஆரம்பித்துப் பத்தே நிமிடத்தில் மைக்கின் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான்கு ஒலிபெருக்கியிலும் என் குறட்டை. பேச்சாளர் நிறுத்திவிட்டார். மண்டபம் சிரித்தது. திடீரென்று குறட்டை நின்றது. சற்று நேரத்தில் சிரிப்பும் நின்றது. முன்வரிசையில் இருந்த மேரி அக்கா, மருத்துவமனைத் தாதி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். சரோஜா மேடைக்கு ஓடிவந்தாள். அவள் படியில் கால் வைக்கும்போது நான் ஒரு பெரிய மூச்சை இழுத்தேன். மொத்த மண்டபமும் கைதட்டியது.

அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். பேச்சு முடிந்துவிட்டதென்று எழுந்து, "அருமையான உரை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்" என்று நன்றி கூறினேன். பேச்சாளர் கையில் இன்னும் ஏழு பக்கம் இருந்தது.

விழா முடிந்ததும் மேரி அக்கா மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு வந்தார்.

"தலைவரே, இருபத்திரெண்டு செகண்டு உங்களுக்கு மூச்சே இல்ல. கார் ஓட்டுறப்பவும் தூங்குறீங்களா?"

"சிவப்பு லைட்ல மட்டும்தான்."

"கார் சாவிய சரோஜாகிட்ட குடுங்க லா. நாளைக்கே டாக்டரைப் பாருங்க."

சரோஜா அழுதுகொண்டே கையை நீட்டினாள். முதல் முறையாக வாதாடாமல் கொடுத்தேன். வெட்கத்தைவிட அப்போது பயம்தான் அதிகம். என்னை நம்பிக் காரில் ஏறிய மூன்று பேரின் முகமும் நினைவுக்கு வந்தது.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவர் உடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய் என்று உறுதியானது. காற்றைத் தள்ளும் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். சில வாரங்களில் தலைவலி போனது. கார் சாவி திரும்பி வந்தது.

இன்றும் குடும்ப விழாவில் நான் பேச எழுந்து மூச்சை இழுத்தாலே எல்லாரும் கைதட்டிவிடுகிறார்கள். என் மகள் கல்யாணத்தில் அதோடு பேசவிடாமல் உட்காரவும் வைத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டலை எப்போதும் கடைசியாக நிறுத்துகிறவள் சரோஜா.